அக்கா தந்து வைத்த அல்பம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் நீண்டகாலம் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் அதை மாடி கட்டும் ஒருவருக்கு விற்றுவிட்டார். வடக்கிலிருந்து சனம் வந்துகொண்டேயிருந்த வருடங்கள் அவை. வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பினால், சுவரின் பூச்சுக் காயுமுன்னே ஆள் குடிவந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக விழுந்து கடைசியில் எங்கள் முறை வந்தது.

மகள் அப்போது கனடாவில் இருந்தாள். நானும் மனைவியும்தான். என் ஓய்வூதியத்துக்கு ஏற்றதாகக் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஒரு அறை, ஒரு கூடம், இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத குசினி. யன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும்.

நான் பொறியியலாளனாக இருந்து இளைப்பாறியவன். கொட்டாஞ்சேனை வீட்டை நாடாவால் அளந்து வந்து, படம் கீறி, எங்களிடமிருந்த தளபாடங்களை அதே அளவுத்திட்டத்தில் மட்டையில் வெட்டி, அந்தப் படத்தின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மனைவி வேறு விதமாகப் பிரித்தாள். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது யார் தந்தது, எந்த நாளில் தந்தது என்று யோசிப்பாள். அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதுதான் என் யோசனை. அதனால் ஒரு நாளும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

“அப்பாவின்ரை சாய்மனைக் கதிரையைக் கூடத்திலை போடலாம்” என்றேன் ஒரு நாள், மட்டைத்துண்டைச் சுவரோரம் ஒட்டவைத்து.

“கதிரைக்கு இடம் இருக்கு. அதிலை காலை நீட்டிக்கொண்டு படுக்கிற ஆளுக்குத்தான் இடம் காணாது” என்றாள் மனைவி.

கதிரை போய்விட்டது. மருதானையில் பழைய தளபாடம் வாங்கி விற்கும் ஒருவர் வந்து அதைக் குப்புறக் கவிழ்த்து, காலைத் தட்டிப் பார்த்து, “மேக்க பரணய், மஹத்தயா” என்றார். பழசு என்பதை ஒரு குற்றம்போலச் சொன்னார். அவருடைய ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அழவில்லை. கதிரைக்கு அழுதேன்.

ஆட்டுக்கல்லைப் பாமன்கடையில் இருந்த ஒரு ஆசிரியை கேட்டு வாங்கினார். புது வீட்டில் மாவாட்டினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரி முன்னரே சொல்லிவிட்டார். இரண்டு பேர் அதைத் தடியில் கட்டிக் காவிக்கொண்டு போனார்கள். மனைவி பின்னாலே போனாள். பிரேதம் கொண்டுபோகும்போது பெண்கள் நின்றுவிடும் இடத்தில், படலையோடு நின்றுவிட்டாள். சாப்பாட்டு மேசை, பித்தளை அண்டா, மகளின் தொட்டில், என் நீரியல் புத்தகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. புத்தகங்களைப் பழைய பத்திரிகையும் போத்தலும் எடுப்பவர் தராசில் வைத்து நிறுத்தார். வீடு பெரிதாகிக்கொண்டே வந்தது. நாங்கள் பேசினால் எதிரொலித்தது.

எங்களுடையது அல்லாத பொருள் ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. அலுமாரியின் மேல்தட்டில், தலையணை உறைக்குள் வைத்து முடிச்சுப் போட்ட ஒரு பொதி. அது என் அக்காவுடையது.

அக்கா யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலேயே இருந்தாள். கணவன் இல்லை. ஒரே மகன். ஷெல் அடி கூடிய காலத்தில், அங்கே இருந்தவர்கள் காணி உறுதியையும் நகையையும் படங்களையும் கொழும்பில் இருக்கும் சகோதரங்களுக்கு அனுப்பிவைப்பது வழக்கமாக இருந்தது. தாங்கள் வர முடியாது. சாமான்களாவது தப்பட்டும் என்று. கிளாலிக் கடலைப் படகில் தாண்டி வந்த ஊர்ப் பெண் ஒருவர் அந்தப் பொதியை வழி முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“தம்பியின்ரை கையிலை குடுக்கச் சொன்னவ. கொழும்பிலை இருந்தா அதுகளுக்கு ஒண்டும் வராதாம்” என்றார்.

உள்ளே காணி உறுதியும் ஒரு சோடி காப்பும் ஒரு அல்பமும் இருந்தன. கறுப்புத் தாளில், நான்கு மூலையிலும் சின்ன முக்கோணத் தாள் ஒட்டி, அதற்குள் படத்தைச் செருகும் பழைய மாதிரி அல்பம். முழுவதும் அவள் மகனுடைய படங்கள். பாயில் குப்புறக் கிடக்கும் குழந்தை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது ஐயரின் மடியில் அழும் பிள்ளை. பிறகு மீசை அரும்பிய பையன், சைக்கிளோடு, விளையாட்டுப் போட்டியில், பள்ளிக்கூடத்துக் கடேற் படையில் பெல்ட்டும் தொப்பியும் போட்டு, கையில் மரத் துவக்கோடு. கடைசிப் பக்கத்தில், ஆசிரியனாக வேலைக்குப் போன நாள். அவன் கொழும்புக்கு வந்தது சிறுவயதில் ஒரேயொரு தடவை. நாங்கள் ஊருக்குப் போவதும் நின்றுவிட்டிருந்தது. ஆகவே வளர்ந்த அவனை நான் அறிந்தது பெரும்பாலும் அந்த அல்பத்தில்தான்.

பொதி வந்த நாள் நானும் மனைவியும் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். “வடிவாய் வளந்திட்டான்” என்றாள் மனைவி. முடிச்சைப் போட்டு மேலே வைத்தோம்.

வீடு மாறுவதற்குக் கொஞ்சம் முன்பு எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். அது புதிதல்ல. எங்கள் வீட்டுக்குள் வந்த இளம் படையாள் ஒருவன் மரியாதையாகத்தான் நடந்தான். கூடத்தில் இருந்த எங்கள் அல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். மனைவியின் தம்பி சாரணர் உடுப்பில் நிற்கும் படத்தில் விரலை வைத்து, “மே கவுத?” என்று கேட்டான், இது யார் என்று. சொன்னேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அல்பத்தை மூடினான். அலுமாரியின் மேல்தட்டை அவன் பார்க்கவில்லை. அன்று பக்கத்து ஒழுங்கையில், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரையும் மகனையும் ஒரு படத்துக்காகக் கூட்டிக்கொண்டுபோய் நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த தபாலதிபர் அதன்பின் யாரோடும் கதைக்கவில்லை.

அந்தக் கிழமையே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கோயில் வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“உம்மடை மருமகன் அங்காலை போயிட்டானாமே?”

“எங்காலை?”

“எங்காலை எண்டு நான் வாயாலை சொல்லவேணுமே? ஊரிலை கதைக்கினம். நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையும்.”

அக்காவிடம் கேட்டு அறிய வழியில்லை. தொலைபேசி இல்லை. தபாலில் இதைக் கேட்க முடியாது. அவன் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்பதை நான் நம்பினேனா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம்பத் தேவையில்லை, அப்படி ஒரு கதை இருப்பதே போதும் என்று நினைத்தேன். மனைவியிடம் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் புதிதாகக் குடிவருபவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், பதிந்தால் வந்து பார்ப்பார்கள், அந்தச் சின்ன வீட்டில் எதையும் ஒளித்துவைக்க ஒரு மூலை கிடையாது என்றும் சொன்னேன்.

மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “அது எங்கடை சாமான் இல்லை. தொடாதையுங்கோ” என்றாள்.

“தொடுறனெண்டு ஆர் சொன்னது?”

“உங்கடை முகம் சொல்லுது.”

குடிபோகும் நாள், பால் காய்ச்சுவதற்காக மனைவி குத்துவிளக்கோடும் பால்சட்டியோடும் சாமான் ஏற்றிய முதல் வான் வண்டியில் போய்விட்டாள். திறப்பைக் கையளிக்கவும் கடைசிச் சாமான்களை ஏற்றவும் நான் நின்றேன். வெறும் வீடு. வளவுக்குள் முருங்கையின் கீழ் சருகு கூட்டிக் கிடந்தது. அதற்கு நெருப்பு வைத்தேன். பிறகு உள்ளே போய்ப் பொதியை அவிழ்த்தேன்.

கடேற் உடுப்பில் நிற்கும் படத்தை மட்டும் எடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எடுத்தேன். பிறகு, தேடப்படுவது ஒரு முகம் என்றால் அந்த முகம் எந்த உடுப்பில் இருந்தால் என்ன என்று தோன்றியது. சைக்கிள் படத்தை எடுத்தேன். விளையாட்டுப் போட்டிப் படம், நண்பர்களோடு நிற்கும் படம், ஆசிரியனாகப் போன முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் எடுத்தது. ஒன்றை எடுத்தபின் மற்றதை விட்டுவைக்கக் காரணம் இருக்கவில்லை. குழந்தைப் படங்களை விட்டேன். குழந்தையைக் காட்டி யாரும் இது யார் என்று கேட்கமாட்டார்கள்.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன சேர், போற நேரத்திலையும் குப்பை எரிக்கிறியளோ?”

“வீட்டைத் துப்புரவாய்க் குடுக்கவேணுமெல்லோ.”

“இடிக்கப்போற வீட்டைத் துப்புரவாக்கிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அல்பத்தை உறைக்குள் வைத்து முன்பிருந்த மாதிரியே முடிச்சுப் போட்டேன். கொட்டாஞ்சேனையில் மனைவி எனக்காகப் பால் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் வந்தவள், “ஏன் புகை மணக்குது?” என்றாள். சருகு எரித்தேன் என்றேன். அன்று நான் நன்றாக நித்திரை கொண்டேன். பொலிஸார் பதிய வந்தபோது கூடத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அலுமாரியைத் திறக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அக்காவும் மகனும் மற்றவர்களோடு நடந்து தென்மராட்சிக்குப் போய், மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார்கள் என்று அறிந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அக்கா எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தாள். வவுனியாவில், கொழும்புக்கு வர அனுமதிக்கும் பாஸ் எடுப்பதற்குக் காத்துக்கிடந்து வந்திருக்கிறாள். ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கியது கேட்டது. கதவைத் திறந்தவுடன், கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

“தம்பி, பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்.”

பள்ளிக்கூடத்துக்குப் போனவனைச் சந்தியிலிருந்த இராணுவ முகாமடியில் மறித்து இறக்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு உள்ளே போனானாம். அன்று பின்னேரம் அக்கா போனபோது சைக்கிள் மட்டும் நின்றது. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் எந்தக் காலத்திலும் எங்காலையும் போகவில்லை. கோயில் வாசலில் எனக்குச் சொல்லப்பட்டது வேறொரு பையனுடைய கதை. அக்கா தன் பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் பள்ளிக்கூடம், வீடு, ரியூசன் என்று இருந்தவன், ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன் என்று. மனைவி அவளுடைய கையைப் பிடித்தபடி இருந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இஞ்சை கொழும்பிலை முறைப்பாடு குடுக்கலாமாம். படம் வேணுமாம். படமில்லாமல் ஒண்டும் நடவாதாம். அடையாள அட்டை அவன்ரை பொக்கற்றுக்குள்ளை. வீட்டிலை ஒரு துண்டு மிஞ்சேல்லை. நான் வழி முழுக்க நினைச்சுக்கொண்டு வந்தனான், நல்ல காலம், தம்பியிட்டை அல்பத்தைக் குடுத்து வைச்சனான் எண்டு.”

மனைவி அலுமாரியைத் திறந்து பொதியை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா முடிச்சை அவிழ்த்தாள். உறுதியையும் காப்பையும் ஒதுக்கிவிட்டு அல்பத்தை மடியில் வைத்துத் திறந்தாள்.

பாயில் கிடக்கும் குழந்தை. ஏடு தொடக்கும் பிள்ளை. முதலாம் வகுப்புக் குழுப் படம். அவள் சிரித்தபடி, கண்ணைத் துடைத்தபடி புரட்டினாள். அடுத்த பக்கம் கறுப்புத் தாள். படம் இருந்த இடத்தில் தாள் நிறம் மங்காமல் சதுரமாகத் தெரிந்தது. நான்கு மூலைத் தாள்களும் ஒட்டினபடியே இருந்தன. அடுத்த பக்கமும் அப்படி. அதற்கடுத்ததும். அவள் கடைசிப் பக்கம் வரை போய், திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

“மற்றப் படங்கள் எங்கை?”

“வீடு மாறேக்கை ஈரம் பட்டுப்போச்சு அக்கா. கொஞ்சம் பழுதாப்போச்சு.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வெறும் சதுரம் ஒன்றைக் கையால் தடவினாள்.

“ஈரமும் ஆளறிஞ்சுதான் பட்டிருக்கு” என்றாள்.

அவ்வளவுதான். அன்று அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்து என்னைத் திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான்.

குசினிக்குள் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அண்டைக்கு எரிச்சது சருகோ?”

நான் குசினி வாசலில் நின்றபடி கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“மச்சாளுக்கு நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?”

“கொஞ்சம் பொறும். நான் சொல்லுறன்.”

அவள் பொறுத்தாள். அவள் சாகும்வரை பொறுத்தாள். அந்தச் சின்ன வீட்டில் மிச்சமிருந்த வருடங்கள் எல்லாம் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

அடையாள அட்டைக்குக் கொடுத்த படத்தின் பிரதி எங்கேயாவது இருக்குமா என்று அலைந்தேன். அவனுடைய பள்ளிக்கூட நண்பர்கள் யாராவது கொழும்பில் இருக்கிறார்களா என்று விசாரித்தேன். ஒரு படமும் கிடைக்கவில்லை. ஒரு காலை அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “உன்ரை கம்பஸ் படங்கள் இருக்கோ?” என்று கேட்டாள்.

இருந்தன. என்னுடைய அல்பத்தை நான் முதலாவது பெட்டியிலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தேன்.

அவள் அதைப் புரட்டி, நான் பட்டம் பெற்ற வருடம் எடுத்த படம் ஒன்றை மூலைத் தாளிலிருந்து மெல்லக் கழற்றினாள். “அவனுக்கு உன்ரை சாயல். எல்லாரும் சொல்லுறவை, மாமனை உரிச்சு வைச்சிருக்கு எண்டு. இதைக் கொஞ்சம் திருத்தினா அவன் மாதிரி வரும்.”

“அக்கா, அது சரிவராது.”

“அப்ப வேறை என்ன இருக்கு? சொல்லு.”

கொட்டாஞ்சேனையில் கோயிலடியில் ஒரு பழைய ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவர் மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் தங்கிவிட்டவர். படத்தைப் பெரிதாக்கி, அதன்மேல் பென்சிலாலும் தூரிகையாலும் திருத்துவார். அக்கா அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

“அம்மா, மீசை இவ்வளவு போதுங்களா?”

“கூடிப்போச்சு. அவனுக்கு மெல்லிசு.”

“காது?”

“காது இதேதான். நெத்தியிலை இந்தப் பக்கம் ஒரு தழும்பு. கிணத்துக் கட்டிலை விழுந்தவன்.”

தழும்பு வைத்தார். பட்டமளிப்பு உடையை அழித்துச் சேட் கொலர் வரைந்தார். கன்னத்தை ஒடுக்கினார். இடையில் நிமிர்ந்து என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஏம்மா, இது இந்த ஐயாவோட சின்ன வயசுப் படம்தானே?”

“இல்லை” என்றாள் அக்கா. “இது என்ரை மோன்.”

அவர் திரும்பத் தூரிகையை எடுத்தார். அக்கா சொன்னபடி செய்துகொண்டே போனார். முடிந்தபோது அது நானாகவும் இல்லை, அவனாகவும் இல்லை. அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, “கண் வரேல்லை. பரவாயில்லை” என்றாள்.

முறைப்பாடு கொடுக்க நானும் போனேன். சிங்களத்தில் சொல்ல ஆள் வேண்டுமே. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படத்தை வாங்கி, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, இது உங்கள் மகனா என்று கேட்டார். அக்காவின் மகன் என்றேன். நன்றாக ஒத்திருக்கிறது என்றார். அக்கா, அவர் என்ன சொன்னவர் என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். “ஓம் எண்டு சொல்லு” என்றாள்.

அதற்குப்பின் எத்தனையோ இடங்களில் அந்தப் படத்தைக் கொடுத்தோம். பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு மற்றத் தாய்மாரோடு அக்கா வீதியோரம் இருக்கும்போதும் அதைத்தான் மட்டையில் ஒட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். காணாமல் போனவனைத் தேடுவதற்கென்று படம் கொடுக்கப்பட்ட இடங்களிலெல்லாம் இருந்தது என் முகம். ஏதாவது ஒரு சிறையில் யாராவது ஒருவர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைப் பார்த்திருந்தால், அவன் எதிரில் நின்றிருந்தாலும் கடந்து போயிருப்பார்கள்.

அக்கா ஊருக்குத் திரும்பிவிட்டாள். சமாதானம் என்று சொல்லி ஏ-ஒன்பது பாதை திறந்த காலத்தில், மனைவி இறந்த பிறகு, நான் தனியே பஸ்ஸில் அவளிடம் போனேன். சொல்வதற்காகவே போனேன். அவள் தகரம் போட்ட ஒரு அறையில் இருந்தாள். ஸ்டூடியோக்காரர் திருத்திய படம் சுவரில் மாட்டியிருந்தது. மாலை இல்லை, விளக்கு இல்லை. உயிரோடு இருப்பவர்களின் படம் மாட்டும் மாதிரி.

கதிரையில் இருந்தவுடன் சொல்லிவிட்டேன். “அக்கா, ஈரம் படேல்லை. நான்தான் எரிச்சனான். பயத்திலை எரிச்சனான்.”

“தெரியும்.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டு? அந்தக் காலம் அப்பிடி. என்ரை கையிலை இருந்திருந்தா நானும் எரிச்சிருப்பனோ, ஆர் கண்டது?” அவள் குரலில் கோபம் இல்லை. என்மேல் இருந்து ஏதோ ஒன்று இறங்குவதுபோல இருந்தது. அந்த நிமிஷம் நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்றே நம்பினேன்.

அவள் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

“தம்பி, ஒண்டு கேக்கவேணும். பள்ளிக்கூட வாசலிலை எடுத்த படம் ஒண்டு இருந்தது, வேலைக்குப் போன முதல் நாள். அது ஸ்டூடியோவிலையிருந்து வந்த உடனை ஒட்டிப்போட்டு உனக்கு அனுப்பினனான். ஷெல் அடிக்குள்ளை நான் வடிவாய்ப் பாக்கேல்லை. நீதான் கடைசியாய்ப் பாத்த ஆள். அதிலை அவன் சிரிச்சுக்கொண்டு நிண்டவனோ?”

நான் யோசித்தேன். கண்ணை மூடியும் யோசித்தேன். பள்ளிக்கூட வாசல் தெரிந்தது, முருங்கையின் கீழ் சருகு தெரிந்தது.

“என்ன சேட் போட்டிருந்தவன்? அதாவது தெரியுமோ?”

ஓம், சிரித்துக்கொண்டுதான் நின்றவன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். ஆனால் இனிப் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்து வந்திருந்தேன். என் முடிவைக் காப்பாற்றிக்கொண்டேன்.

“ஞாபகமில்லை அக்கா. எரிக்கேக்கை முகத்தைப் பாக்கேல்லை. எல்லாத்தையும் மறுபக்கம் திருப்பித்தான் நெருப்பிலை போட்டனான்.”

“ஒண்டைக்கூடப் பாக்கேல்லையோ?”

“இல்லை.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். எழுந்து போய் அடுப்பை மூட்டி, கேத்திலை வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை முதுகைக் காட்டியபடி நின்றாள். தேயிலை போட்டு, வடித்து, ஒரேயொரு கோப்பையில் ஊற்றினாள். அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசற்படியில் உட்கார்ந்து, தனியே குடித்தாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அவள் திரும்பி உள்ளே வரவில்லை.